கழுவிய கையும் கழுவாத நெஞ்சமும்



கிறித்தவ மறைநூல் போற்றும் அகத்தூய்மை குறித்துப் பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்துள்ளனர். இது மொழி வளர்க்கும் மேடையாதலால் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் தம் காலத்துச் சமயத் தலைவர்களை இயேசு கடிந்துரைக்கிறார். அங்கே ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கிரேக்க மூலத்தில் அது ‘ஹுப்போகிரித்தேஸ்’. மேடையில் முகமூடி அணிந்து நடிப்பவனைக் கிரேக்கர் அச்சொல்லால் அழைத்தனர். சீர்திருத்தச் சபையார் நெடுங்காலமாகப் படித்துவரும் பழைய மொழிபெயர்ப்பு அதனை ‘மாயக்காரர்’ என்று தந்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘வெளிவேடக்காரர்’ என்று தந்தது. பின்னைய சொல், மூலத்தில் மறைந்துகிடந்த நாடக மேடையை நமக்கு மீட்டுத் தருகிறது.

ஆனால் ‘வேடம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு முகங்கள் உண்டு. பெரியபுராணத்தில் வரும் மெய்ப்பொருள் நாயனார், அடியார் கோலத்தையே இறைவனாக எண்ணி வணங்கியவர். அவருடைய பகைவன் முத்தநாதன், அதே கோலத்தைப் பூண்டு, சுவடிக் கட்டுக்குள் உடைவாளை மறைத்து வந்து அவரைக் கொன்றான். ஒரே திருநீறு, ஒரே சடைமுடி. ஒருவருக்கு அது வழிபாடு, மற்றவனுக்கு அது மறைவிடம். வள்ளுவரும் ‘கூடாவொழுக்கம்’ என ஓர் அதிகாரத்தையே இதற்கென வகுத்தார். ஆகவே வேடம் தன்னளவில் குற்றமுடையதன்று. அது எப்போது வழிபாடாகிறது, எப்போது மறைவிடமாகிறது என்பதே வினா. நற்செய்தி நூல்கள் இவ்வினாவுக்குத் தெளிவான விடை ஒன்றைத் தருகின்றன.

மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தைக் காண்போம். இயேசுவின் சீடர் சிலர் கை கழுவாமல் உணவு உண்கின்றனர். பரிசேயர் அதனைக் குறையாகச் சுட்டுகின்றனர். இங்கே பேசப்படுவது கையில் படிந்த அழுக்கு அன்று, சமயத் தூய்மை. கானா ஊர்த் திருமண வீட்டில் அத்தகைய தூய்மைச் சடங்குக்கென்றே ஆறு பெரிய கற்சாடிகள் வைக்கப்பட்டிருந்ததாக யோவான் குறிப்பிடுகிறார். பரிசேயரை நாம் எளிதில் இகழ்ந்துவிடலாகாது. எருசலேம் கோவிலில் குருக்கள் பேணிய தூய்மையை எளிய குடும்பங்களின் உணவு மேசைக்கும் கொண்டுவர முயன்றவர்கள் அவர்கள். நோக்கம் உயர்ந்ததே. இயேசு எழுப்பியதும் வெளியிலிருந்து வந்த எதிர்ப்பன்று. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆமோசு, எசாயா, மீக்கா ஆகிய இறைவாக்கினர் அதே மக்களிடம் அதே குரலில் பேசியிருந்தனர். இது ஒரு வீட்டுக்குள் நிகழ்ந்த வழக்கு.

இயேசு அளித்த விடையை நாம் அறிவோம். வெளியேயிருந்து உள்ளே செல்லும் உணவு மனிதனைத் தீட்டுப்படுத்துவதில்லை. உள்ளத்திலிருந்து வெளியே வருவனவே தீட்டுப்படுத்தும் என்றார். உள்ளத்திலிருந்து வருவன எவை என்றும் அவர் பட்டியலிடுகிறார். களவு, கொலை, பேராசை, வஞ்சகம், பொறாமை, பழிச்சொல் என அது நீள்கிறது. மாணவர்கள் அப்பட்டியலை ஒருமுறை கூர்ந்து நோக்க வேண்டும். அதிலுள்ளவற்றுள் பெரும்பாலானவை பிறருக்கு இழைக்கும் தீங்குகள். அகத்தூய்மை என்பதைத் தனியறையில் கண்மூடி அமர்ந்து பெறும் ஓர் இனிய உணர்வாக அவர் கருதவில்லை. உள்ளம் தூயதா என்பதற்கு அடுத்திருப்பவனே சான்று.

இதே உரையாடலின் நடுவில் ‘கொர்பான்’ என்னும் சொல் வருகிறது. கடவுளுக்கு நேர்ந்துவிட்ட காணிக்கை என்பது அதன் பொருள். முதிய பெற்றோருக்கு உதவ வேண்டிய மகன், தன் உடைமையைக் கொர்பான் என்று அறிவித்துவிட்டால், அவர்களுக்கு அதிலிருந்து எதுவும் தர வேண்டியதில்லை என்றாயிற்று. பார்வைக்கு எத்துணை உயர்ந்த பக்தி! தாயின் பசியோ தீரவில்லை. இறைவனுக்குச் செய்யும் கடமையை மனிதனுக்குச் செய்யும் கடமையிலிருந்து தப்பும் வாயிலாக ஆக்கும்போதுதான் சமய ஒழுக்கம் வேடமாகிறது. இதுவே நற்செய்தி தரும் விடை.

அப்படியாயின் சடங்குகளைக் கைவிட்டுவிடலாமா? இயேசு அவ்வாறு சொல்லவில்லை. புதினா, சோம்பு, சீரகம் ஆகியவற்றிலும் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாக அளந்து கொடுத்தவர்களை நோக்கி, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்றுதான் கேட்டார். இவற்றையும் செய்க, அவற்றையும் விடாதிருங்கள் என்பதே அவர் கூற்றின் கருத்து. திருச்சபையின் வழிபாடும் இதனை உணர்ந்தே அமைந்துள்ளது. தவக்காலத்தைத் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று கத்தோலிக்கர் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கின்றனர். அதே திருப்பலியில் வாசிக்கப்படுவதோ, நோன்பு இருப்பதைப் பிறர் காண முகத்தைக் காட்டாதீர்கள் என்று அறிவுறுத்தும் நற்செய்திப் பகுதி. சாம்பலும் உண்டு, சாம்பலால் பெருமை கொள்ளாதே என்னும் எச்சரிக்கையும் உடன் உண்டு. ஒரு சடங்கு தன்னையே உரைத்துப் பார்க்கும் அழகு இது.

இனி, தமிழ் மண்ணில் இச்சிக்கல் கல்லும் சுண்ணாம்புமாக எழுந்து நின்ற ஓரிடத்தைக் குறிப்பிட வேண்டும். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு தேவாலயம் கட்டப்பட்டது. இரு மண்டபங்கள் இரு திசைகளிலிருந்து வந்து ஒரே பீடத்தில் கூடும் அமைப்பு அது. தம்மை உயர்சாதியார் என்று கருதியோருக்கு ஒரு மண்டபம், ஏனையோருக்கு மற்றொன்று, இடையே தடுப்புச் சுவர். அங்கு நிகழ்ந்த பூசையில் முறைப்படி ஒரு குறையும் எவரும் கண்டிருக்க முடியாது. இலத்தீன் மன்றாட்டு இருபுறத்தார்க்கும் ஒன்றே, அப்பமும் ஒன்றே. சகோதரன் மட்டும் சுவருக்கு அப்பால் இருந்தான். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு நல்லுறவு கொள்க என்று மலைப்பொழிவு கூறுகிறது. அவ்வாறு எழுந்து செல்ல முற்படுபவனைச் சுவர் தடுத்தது.

1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்றோர் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை. இந்நிகழ்ச்சி நமக்கு மற்றொரு பாடத்தையும் புகட்டுகிறது. “என் உள்ளத்தில் எவர்மீதும் வெறுப்பில்லை, சுவர் வெறும் ஊர் வழக்கம்” என்று அன்று ஒருவர் சொல்லியிருப்பின், அச்சொல்லை நாம் ஏற்போமா? வெளிவேடம் உள்ளத்தின் அழுக்கை மறைப்பது போலவே, ‘உள்ளம் தூயது’ என்னும் பேச்சும் வெளியே நிற்கும் அநீதியை மறைக்கக்கூடும். சுவரை இடித்தால் மட்டும் நெஞ்சம் தூயதாகிவிடாது; எனினும், சுவரை நிற்கவிட்டுத் தூய நெஞ்சம் பேசுவதற்கு ஒருவருக்கும் உரிமையில்லை.

ஆசிரியப் பெருமக்களே, நம் பள்ளிகளில் திருக்குறள் ஒப்பித்தல் போட்டி நடத்துகிறோம். அது வேண்டும், நாவில் ஏறாத குறள் நெஞ்சில் ஏறுவது அரிது. ஆயினும் இன்னா செய்யாமையைப் பிழையின்றி ஒப்பித்துப் பரிசு பெற்ற மாணவன், வகுப்பில் திக்கிப் பேசும் தோழனை எள்ளி நகையாடினால், அவன் பெற்ற பரிசு கொர்பானுக்கு நிகராகும். அந்தத் தோழனின் முகத்தைப் பார்த்துத்தான் நாம் மதிப்பெண் இட வேண்டும்.

மாணவச் செல்வங்களே, கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அருகருகே நிற்கும் நாட்டில் நாம் வாழ்கிறோம். பிறருடைய வழிபாட்டைக் கண்டு, ‘இவையெல்லாம் வெறும் வேடம்’ என்று சொல்லிவிடுவது மிக எளிது. நான் தொடங்கிய சொல்லை இங்கே மீண்டும் நினைவூட்டுகிறேன். அது 23ஆம் அதிகாரத்தில் மட்டும் வரவில்லை. மத்தேயுவின் 7ஆம் அதிகாரத்திலும் வருகிறது. அங்கே வெளிவேடக்காரர் என்று அழைக்கப்படுபவர், தம் கண்ணில் மரக்கட்டையை வைத்துக்கொண்டு அடுத்தவர் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க முன்வருபவர். பிறர்மீது எறிவதற்காக அச்சொல் நமக்குத் தரப்படவில்லை. அதைக் கையிலெடுப்பவர் முதலில் அதில் தம் முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.