பழைய டிவியே போதும்

2017-ல் கேபிள் டிஜிட்டலுக்கு மாறியபோது, "உங்க இலவச டிவிக்கு செட்டாப் பாக்ஸ் சேராதும்மா, புதுசுதான் வாங்கணும்" என்று ஒரு கடைக்காரர் சொல்லிவிட்டார். நானும் நம்பி, குழுவில் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கூட்டத்தில் ஊக்குநர் அக்கா, "டிவிக்குப் பின்னாடி மஞ்சள், வெள்ளை ஓட்டை இருக்கா பாரு" என்றார். இருந்தது! நிறம் பார்த்து வயரைச் சொருகி, ரிமோட்டில் ஏவி அழுத்தினோம். படம் பளிச்சென்று வந்தது. சிவப்பு வயர் சும்மா தொங்குச்சு, அதனால ஒண்ணுமில்ல. டிஜிட்டலாக வருவதைப் பழைய டிவிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுப்பதுதானே பாக்ஸின் வேலை!

அரசு கேபிளில் பாக்ஸையும் இலவசமாகத்தான் கொடுத்தார்கள். பணம் கேட்டால் ரசீது கேளுங்க அக்கா.

கடன் மனுவை அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்த முறை கடன், கறவை மாடு கேட்டிருந்த அக்காவுக்குப் போனது.