ஓவியர் கட்டிய கிராமம்



கொடுமுடி என்றதும் கே. பி. சுந்தராம்பாளின் கம்பீரக் குரல் பலருக்கு நினைவுக்கு வரும். 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நடிப்பதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். பாட்டுக்கு மேடை இருந்தது, இசைத்தட்டு இருந்தது, காசு கொடுத்துக் கேட்போரும் இருந்தனர். சித்திரம் எழுதுவோனுக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. "படம் எழுதினால் சோறு கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பது நம் பக்கத்தில் இன்றும் வழக்கம். அக்கேள்வியை நான் குறை கூறமாட்டேன். அது நியாயமான கேள்வி. அதற்குச் செயலால் விடை கண்டவர் ஒருவரைப் பற்றியே பேச விழைகின்றேன்.

கே. சி. எஸ். பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பப் பாரத்தினால் தந்தி இலாகாவில் வேலை பார்த்தபின், 1936-இல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பிறகு அங்கேயே ஆசிரியராகி, 1957-இல் முதல்வரானார். இடையில், 1944-இல், முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவி, புதுமை ஓவியங்களுக்குக் கண்காட்சிகள் நடத்திவந்தார்.

ஆயினும் கண்காட்சி பசி தீர்க்காது. திறமையோடு வெளியேறும் மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலை தேடிச் சென்று, நாளடைவில் தூரிகையையே மறந்துவிடுவார்கள். இதற்குப் பணிக்கரும் அவர் மாணவர்களும் கண்ட வழி கைத்தொழில். துணியின்மேல் உருக்கிய மெழுகால் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. பின்பு மெழுகை நீக்கினால் உருவம் தெளிந்து நிற்கும். இதனைப் பாத்திக் என்பர். நெசவும் சாயமும் அறிந்த கொங்கு நாட்டாருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை! இத்தகைய துணிகளைச் செய்து விற்ற பணத்தில், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் ஏறக்குறைய பத்து ஏக்கர் நிலம் வாங்கினர். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கே எழுந்தது. முப்பதுக்கு மேற்பட்ட ஓவியரும் சிற்பிகளும் அதில் பங்குகொண்டனர். வாழ வீடு, பட்டறை, படைப்புகளைப் பொதுமக்கள் கண்டு வாங்கக் காட்சிக்கூடம் எல்லாம் ஓரிடத்திலேயே அமைந்தன.

துணிக்குச் சாயமிடுவது ஓவியனுக்கு இழுக்கு என்று கருதுவோர் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. துணி அரிசிக்கு வழிசெய்தபடியால், விலைபோகும் படத்தைத்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லாது போயிற்று. தன் மனத்துக்கு உகந்ததை எழுதும் உரிமை சிறிய லாபமா?

அவ்வுரிமையைப் பணிக்கர் நன்கு பயன்படுத்தினார். 1963 முதல் அவர் எழுதிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையில் கணிதக் குறிகளும், ஜாதகக் கட்டங்களும், எழுத்துப் போன்ற கோடுகளும் நிறைந்திருக்கும். முகம், மரம், மலை என்று தேடிப் பழகிய கண் முதலில் திகைக்கத்தான் செய்யும்.

1977-இல் பணிக்கர் மறைந்தார். கிராமம் அவரோடு முடிந்துவிடவில்லை. சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளுக்கென 2009-இல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. சென்னை செல்லும்போது ஒருநாள் ஒதுக்கிப் பார்த்து வாருங்கள். பணிக்கரின் படத்தைக் காண நேர்ந்தால் அதிலுள்ள எழுத்துக்களைப் படிக்க முயலாதீர்கள். அவை படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல.