விருந்தும் வேளையும்: ஒரகடம் வட்டாரத்தில் ஒரு கிறிஸ்துமஸ் நாள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் ஆண்டு விழாவில் அடுப்பங்கரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காலை அமர்வில் படிமத்தைப் பற்றியும் யாப்பைப் பற்றியும் ஆழமான உரைகளைக் கேட்டவர்களுக்கு இது சற்று இறக்கமாகத் தோன்றலாம். ஆயினும் விருந்து என்னும் சொல் நம் இலக்கணத்துக்குள்ளேயே இருப்பது. தொல்காப்பியர் செய்யுளுக்குச் சொன்ன எட்டு வனப்புகளுள் விருந்தும் ஒன்று. அங்கே அதன் பொருள் புதுமை. வீட்டுக்குப் புதிதாய் வந்தவரும் விருந்து, புதிதாய்ப் பாடப்பட்ட நூலும் விருந்து. ஆகவே கவிஞர்கள் நடுவே விருந்தைப் பேசுவதற்கு நான் தனியே இசைவு கேட்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

என் பொருள் மிகவும் எளியது. திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் இந்த ஆலை வட்டாரத்தில், வாடகை வீடொன்றில், டிசம்பர் 25 அன்று பத்துப் பேருக்கு விருந்து வைப்பது எப்படி? அதுவும், வைப்பவர் முகம் வாடாமல் வைப்பது எப்படி?

முகத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. விருந்தோம்பல் அதிகாரத்தை முடிக்கும் இடத்தில் வள்ளுவர் பண்டத்தின் சுவையைப் பேசவில்லை, அளவையும் பேசவில்லை. முகர்ந்தால் வாடும் அனிச்சத்தையும், விருந்தளிப்பவரின் முகம் மாறினாலே வாடிவிடும் விருந்தினரையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறார். அப்படியானால் சமைப்பவரின் களைப்பு அவருடைய சொந்தத் துன்பம் மட்டுமன்று. அது விருந்தையே கெடுக்கும் குற்றம். பதற்றமில்லாத சமையல் என்பதை இன்றைய சொகுசு என்று ஒதுக்குபவர்கள் இந்தக் குறளை இன்னொரு முறை படிக்கலாம்.

சங்கப் புலவர்களும் சமையற்கட்டை எட்டிப் பார்த்தவர்களே. குறுந்தொகையில் கூடலூர் கிழார் காட்டும் இளம்பெண் புகை சூழத் தாளிக்கிறாள்; கணவன் இனிதென்று உண்கிறான்; அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அவள் எப்போது உண்டாள் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. நற்றிணையில் மாங்குடி கிழாரின் தலைவி புகையால் சிவந்த கண்ணோடு, நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு சமைக்கிறாள். அவள் ஊடியிருக்கிறாள். தலைவனோ விருந்தினர் யாரேனும் வந்தால் நல்லது என்று எண்ணுகிறான். வந்தால் அவள் சினத்தை மறைத்துச் சிரித்தாக வேண்டும் அல்லவா? எவ்வளவு சாதுரியமான ஆள்! இடைக்காடனார் பாட்டில் இரவில் விருந்து வந்தாலும் தலைவி மகிழ்கிறாள். நள்ளிரவில் அடுப்பு மூட்டியவளின் மகிழ்ச்சியைத் தலைவன் வாயால்தான் நாம் அறிகிறோம். இந்தப் பாடல்களின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வியர்வையை ஈராயிரம் ஆண்டுகளாக நாம் அழகாகவே பார்த்துப் பழகிவிட்டோம் என்று மட்டும் சொல்கிறேன்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். இராமாநுசர் பிறந்த ஊர் என்று உலகம் அறிந்திருந்த திருப்பெரும்புதூர், 1990-களின் பிற்பகுதியிலிருந்து வேறொரு பெயரும் பெற்றது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1998-இல் முதல் சான்ட்ரோ வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஏரியும் நெல்வயலுமாக இருந்த நிலத்தில் இன்று கண்ணாடியும் காரும் கைப்பேசியும் விளைகின்றன. நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் வேலைக்கு வந்து, இங்கேயே வீடெடுத்துத் தங்கிய கிறிஸ்தவக் குடும்பங்கள் பல. ஊரில் இருந்தால் பாட்டியும் அத்தையும் சித்தியும் சேர்ந்து சமைத்திருப்பார்கள். இங்கே இருப்பது இரட்டை அடுப்பு, சிறிய குளிர்சாதனப் பெட்டி, ஷிஃப்ட்.

அந்த ஷிஃப்டைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். ஆலைக்கு ஆலை மணி மாறும். நம் கணக்குக்காகக் காலை 6 முதல் 2, பிற்பகல் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6 என்று மூன்று முறைகளை வைத்துக்கொள்வோம். கம்பெனி பஸ்ஸுக்காக முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்வோம். முதல் முறைக்காரர் காலை 5 முதல் மாலை 3 வரை வீட்டில் இல்லை. இரண்டாம் முறைக்காரர் 1 மணி முதல் இரவு 11 வரை இல்லை. மூன்றாம் முறைக்காரர் இரவு 9 முதல் மறுநாள் காலை 7 வரை இல்லை. இப்போது கூட்டிப் பாருங்கள்: மூவரும் ஒருசேர வீட்டில் இருக்கும் நாழிகை இருபத்துநான்கு மணியில் ஒன்றுகூட இல்லை. அண்ணன், தம்பி, தங்கை மூவரும் மூன்று முறையில் இருந்தால், ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் ஒரே பந்தியில் உட்கார முடியாது. நம்மில் எத்தனை பேர் பிரிவைப் பாலைத்திணையில் எழுதியிருக்கிறோம்! பொருள்வயிற் பிரிவு சுரம் கடந்து போவதாகவே இருக்க வேண்டியதில்லை. அது சமையலறைச் சுவரில் ஒட்டிய ஷிஃப்ட் தாளிலும் இருக்கிறது.

பண்டிகை அன்று விடுமுறைதானே என்று கேட்கலாம். அலுவலகங்களுக்கு ஆம். ஆலைக்கு அவ்வளவு எளிதன்று. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் உறுதியாகச் சொல்வன ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களை. இவற்றோடு பண்டிகைக்காக இன்னும் ஐந்து நாட்கள். அந்த ஐந்தும் எவை என்பது ஆலைக்கு ஆலை முடிவாகும். அதில் கிறிஸ்துமஸ் இடம்பெறலாம், பெறாமலும் போகலாம். இடம்பெற்றாலும் வேலைக்கு அழைக்கப்பட்டால் இரட்டைச் சம்பளமோ மாற்று விடுப்போ தருவது சட்டம். வாடகையும் சீட்டுப்பணமும் கட்டும் வீட்டில் இரட்டைச் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லப் பலருக்கு மனம் வராது. ஆகையால் விருந்தைத் திட்டமிடுபவர் டிசம்பர் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது, பண்டப்பட்டியல் எழுதுவதற்கு முன் ஷிஃப்ட் பட்டியல் கேட்டு வாங்குவதுதான்.

அழைக்கப்படுபவர்களின் பொழுதும் அவர்கள் கையில் இல்லை. விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்கள் இவ்வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். 2021 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். விடுதி உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போன பிறகு நடந்த மறியல் அது. ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது. தங்கும் இடமும் உண்ணும் இடமும் உரிய தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. பின்னர் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 பேருக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல செயல். இருந்தாலும் அந்த டிசம்பரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்று: அவ்வாண்டில் ஒரு வீட்டுச் சோறு அந்தப் பெண்களுக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்! விருந்துக்கு அழைக்கும்போது, எப்போது வருவாய் என்று கேட்பதோடு, எத்தனை மணிக்கு விடுதிக் கதவு சாத்துவார்கள் அம்மா என்றும் கேட்டுவிட வேண்டும்.

இனி அடுப்புக்கு வருவோம். ஆலையில் லைனில் நிற்பவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும்: எத்தனை நிலையங்கள் விரைந்தாலும், மிக மெதுவான நிலையம் எதுவோ அதுதான் முழு லைனின் வேகம். வீட்டில் அந்த நிலையம் அடுப்பு. பண்டம் ஏழு, அடுப்பு இரண்டு. ஆகவே என்ன சமைப்பது என்று தொடங்காமல், 25-ஆம் தேதி காலையில் எந்தெந்தப் பண்டத்துக்கு அடுப்பு வேண்டும் என்று தொடங்க வேண்டும்.

என் கருத்து, அன்று பிரியாணி வேண்டாம் என்பது. இப்படிச் சொல்ல இவ்வட்டாரத்தில் துணிவு வேண்டும். அரங்கில் சிலர் சிரிப்பதும் தெரிகிறது. பிரியாணி ஒரே பந்திக்கான பண்டம். தம் போட்ட நாழிகையும் திறக்கும் நாழிகையும் தப்பக்கூடாது. சமைப்பவர் ஒரு மணி நேரம் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நமக்கோ இரண்டு பந்தி தேவை. இரண்டாம் முறைக்காரர் 1 மணிக்குக் கிளம்புவதால், அவருக்கும் இரவு வேலை முடிந்து வந்து சற்றே உறங்கி எழுந்தவருக்கும் முற்பகல் 11.30-க்கு ஒரு பந்தி. முதல் முறை முடித்து வருபவருக்கு மாலை 4 மணிக்கு இன்னொரு பந்தி. இரண்டுக்கும் பொருந்துவது நெய்ச்சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும்.

குழம்பை 24-ஆம் தேதி மாலையே வைத்துவிடலாம். ஒருநாள் ஊறிய கறிக்குழம்பின் சுவையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஆறவைப்பதில் கவனம் வேண்டும். அகன்ற பாத்திரங்களில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். முக்கியமாக, முதல் பந்திக்கு ஒன்று, இரண்டாம் பந்திக்கு ஒன்று என்று அப்போதே இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும். அவரவர் பந்திக்கு அவரவர் பாத்திரத்தை எடுத்து நன்கு கொதிக்க வைத்தால் போதும். ஒரே குழம்பை நாளெல்லாம் சுடவைப்பதும் ஆறவிடுவதுமாக இருக்கலாகாது. சோறு மட்டும் இருமுறை புதிதாக வடிவது நல்லது. காலையில் வடித்த சோற்றை மாலைவரை மேசையில் வைத்திருப்பது வயிற்றுக்கு வினை. கோழியும் முன்னிரவே மசாலா தடவி, இரு பங்காகப் பெட்டிக்குள் போகட்டும்.

மறுநாள் காலை, அதிகாலை ஆராதனை முடிந்து வந்து பலகாரமும் தேநீரும் ஆன பிறகு, 8 மணிக்குப் பாயசத்தை முடித்துவிடலாம். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுப்புக்கு ஓய்வு; சமைப்பவருக்கும் ஓய்வு. அதற்குமேல் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். 11.30-க்கு இலை என்றால் 11.20-க்குச் சோறு இறங்கிப் புழுங்கிக்கொண்டிருக்க வேண்டும், 11-க்கு அடுப்பில் ஏற வேண்டும், 10.30-க்குச் சீரகச் சம்பா ஊற வேண்டும். 10 முதல் 10.45 வரை ஓர் அடுப்பில் கோழி வறுவல். 10.50-க்கு மற்றோர் அடுப்பில் குழம்பு. தயிர்ப் பச்சடிக்கு வெங்காயத்தை நறுக்கி வைத்துக்கொண்டு, உப்பை மட்டும் பரிமாறும்போது சேர்த்தால் நீர் விடாது. பத்துப் பேருக்கு ஒரு கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ கறி தாராளம்.

பலகாரங்கள் இந்தக் கணக்குக்குள் வருவனவல்ல. முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கல்கல் எல்லாம் டிசம்பர் நடுவிலேயே ஒரு வார ஓய்வு நாளில் முடித்து, தகர டின்னில் இறுக மூடிவிட வேண்டியவை. மழைக்காலக் காற்று பட்டால் நமத்துப்போகும். கல்கல் உருட்டுவதைக் குழந்தைகளிடமும் ஆண்களிடமும் தயங்காமல் விட்டுவிடலாம். முள்கரண்டியின் பின்புறத்தில் வரி விழும்படி உருட்டத் தெரியாத கை கிடையாது. கேக்கைக் கடையில் வாங்குவது குறையுமன்று.

ஆலைக் கணக்கை வீட்டுக்குள் கொண்டுவருகிறேனே என்று ஒரு நண்பர் கடிந்துகொண்டார். அவருடைய அச்சத்தில் நியாயம் உண்டு. ஆலைக் கணக்கில் சும்மா இருக்கும் நிமிடம் இழப்பு. வீட்டுக் கணக்கில் அதையே முதலில் குறித்துவிட வேண்டும். நான் சொன்ன நேரப் பட்டியலில் 8.45 முதல் 10 வரை வெற்றிடமாக விட்டிருப்பது தற்செயலன்று. சிலிண்டர் தீரும், பிள்ளை அழும், மின்சாரம் போகும், அழைக்காத இருவர் உடன் வருவார்கள். அந்த வெற்றிடம் அவற்றையெல்லாம் ஏற்றுக்கொள்ளும். ஒன்றும் நேரவில்லை என்றால் அவர் தலைவாரிப் பூ வைத்துக்கொள்ளட்டும்.

பட்டியலின் கடைசி வரியை மட்டும் எல்லோரும் எழுதத் தவறுகிறார்கள்: சமைத்தவர் எந்தப் பந்தியில் உட்காருகிறார்? பரிமாறிவிட்டுப் பிறகு என்பது பதிலன்று. முதல் பந்தியில் அவருக்கு ஓர் இலை. அப்போது பரிமாறுவது இரவு வேலைக்காரர். இரண்டாம் பந்தியில் பரிமாறுவது அவர் விருப்பம். பாத்திரம் கழுவுவது மாலையில் வந்தவர்கள் பொறுப்பு. இதைப் பெயரெழுதிப் பட்டியலிலேயே குறித்துவிட வேண்டும். வாய்ச்சொல்லாக விட்டால் நடக்காது.

மாலைப் பந்தியில் மிஞ்சிய கறியை வைத்துக்கொள்ள வேண்டாம். விடுதிப் பெண்கள் கிளம்பும் வேளையில் அச்சு முறுக்கை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். அது பத்து நாள் தாங்கும். இரவு 9 மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுபவரின் பையிலும் ஒரு பொட்டலம் இருக்கட்டும். தேநீர் இடைவேளையில் பக்கத்து நிலையத்துக்காரருக்கும் சேர்த்து.