வள்ளியப்பா கடைசியாகக் கேட்டது

பட்டமளிப்பு விழா என்றால் துணைவேந்தரையோ, விஞ்ஞானியையோ, மாவட்ட ஆட்சியரையோ அழைப்பதுதான் வழக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, குழந்தைகளுக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கும் என்னை இந்த முறை அழைத்திருக்கிறீர்கள். மனமார்ந்த நன்றி. சாதனைக்கான பத்து வழிகள் எதுவும் என்னிடம் இல்லை. ஒரே ஒரு மனிதரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

உங்கள் கைக்கு இன்று வரும் பட்டத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். 1989 மார்ச் 16ஆம் தேதி அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. 66 வயதான ஒருவர் அதில் எழுந்து, சிறுவர் இலக்கியத்தைப் பல்கலைக்கழகங்களில் பாடமாக வைக்க வேண்டும் என்று வலியுறுத்திப் பேசினார். பேசி முடித்து உட்கார்ந்தவர் அப்படியே மயங்கிச் சரிந்தார். அன்றே உயிர் பிரிந்தது. அவர்தான் அழ. வள்ளியப்பா.

இந்த அரங்கில் அவருடைய பாட்டைப் பாடாத ஒருவரும் இருக்க மாட்டீர்கள். அங்கன்வாடியில் கை தட்டிப் பாடியிருப்பீர்கள், ஒன்றாம் வகுப்பில் ஆடிக்கொண்டே பாடியிருப்பீர்கள். பாட்டின் கீழே இருந்த பெயரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத வயதில் மனப்பாடமான பாட்டுக்கு ஆசிரியர் பெயர் எப்படித் தெரியும்? குழந்தைகளுக்கு எழுதுகிறவர்களுக்கு வாய்க்கும் புகழ் இப்படிப்பட்டதுதான். ஊரே பாடும், யார் பாட்டு என்று ஊருக்குத் தெரியாது.

வள்ளியப்பா புதுக்கோட்டை மாவட்டத்து ராயவரத்துக்காரர். 1922 நவம்பர் 7இல் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு நின்றது, கல்லூரிக்குப் போக வீட்டில் வசதி இல்லை. 1940இல் வேலை தேடிச் சென்னைக்குப் போனார். வை. கோவிந்தன் நடத்திய 'சக்தி' காரியாலயத்தில் வேலை கிடைத்தது. அங்கே 'சக்தி' இதழின் ஆசிரியராக இருந்த தி.ஜ.ர., கணக்கு வழக்குப் பார்க்க வந்த இந்தப் பையனுக்குள் எழுத்து இருப்பதைக் கண்டுகொண்டு எழுதச் சொல்லித் தூண்டினார். மறு ஆண்டே இந்தியன் வங்கியில் வேலை. 1982இல் ஓய்வு பெறும்வரை வள்ளியப்பா வங்கி ஊழியர்தான். 23 பாடல்களோடு 'மலரும் உள்ளம்' வந்தது 1944இல். அப்போது அவருக்கு உங்கள் வயது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்களில் பலர் வங்கித் தேர்வுக்கும் குரூப் 4 தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகப் போகிறீர்கள். வேலை வந்துவிட்டால் எழுத்தும் வாசிப்பும் போய்விடும் என்று பலர் சொல்லிக் கேட்கிறேன். பகலெல்லாம் பேரேட்டில் வரவு செலவு பார்த்த ஒருவர்தான் தமிழ்க் குழந்தைகளின் வாயில் மூன்று தலைமுறையாக இருக்கும் பாடல்களை எழுதினார். தான் மட்டும் எழுதினால் போதாது என்று 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். மாநாடு கூட்டினார், இளையவர்களைத் தேடிப் பிடித்து எழுத வைத்தார். ஓய்வுக்குப் பிறகு 'கோகுலம்' சிறுவர் இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். அவருடைய மகள் தேவி நாச்சியப்பனும் சிறுவர் எழுத்தாளர்தான், 2019இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றவர். இவ்வளவுக்கும் நடுவே வள்ளியப்பா ஒருநாளும் கல்லூரியில் மாணவராக உட்கார்ந்ததில்லை. அப்படிப்பட்டவர், குழந்தை இலக்கியம் பட்டப்படிப்பில் இடம்பெற வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்குள் போய்க் கேட்டார்.

நான் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில்தான் பி.ஏ. தமிழ் படித்தேன். திராட்சைத் தோட்டங்களைத் தாண்டிப் போகும் பஸ்ஸில், ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போன காலம் அது. சிலப்பதிகாரமும் நன்னூலும் எனக்குக் கண்ணைத் திறந்தன. அந்தப் பாடங்களை நடத்திய பேராசிரியர்களை இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் மூன்று ஆண்டுப் பாடத்திட்டத்தில், ஐந்து வயதுக் குழந்தை கேட்பதற்கென்று தமிழில் எதுவும் எழுதப்பட்டதாக ஒரு வரிகூட இல்லை. வள்ளியப்பா மறைந்த செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது நான் வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓய்வறையில் மூத்த ஆசிரியர் ஒருவர், "பாப்பா பாட்டுக்கெல்லாம் பல்கலைக்கழகமா?" என்றார். நல்ல மனிதர், கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரர். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவேயில்லை. நான் எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம் என்று சொல்லலாம்.

எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளின் அம்மாமார் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான். விடியுமுன்னே எழுந்து, சோறு ஆக்கி, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, கம்பமெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ ஜீப்பில் கேரளத்துக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்புவார்கள். ஒருநாள் இரண்டாம் வகுப்பில் ஒரு பாடம் நடத்தினேன். அம்மா குழந்தையைத் தட்டி எழுப்பி, தலை சீவி, பள்ளிக்கு அனுப்புவதாகப் பாடம். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை எழுந்து நின்று, "டீச்சர், எங்கம்மா எழுப்பாது. நான் எந்திரிக்கையில அது மேட்டுல இருக்கும்" என்றாள். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. பாடத்தில் தப்பாகப் போட்டிருக்கிறார்கள், அதை டீச்சர் திருத்திக்கொள்ளட்டும் என்பதுபோலச் சொன்னாள். பிறகு அவளே மேலும் சொன்னாள்: தம்பியை எழுப்பி முகம் கழுவி விடுவது அவள்தானாம். தனக்குத் தானே சடை போட வராது, அதனால் பக்கத்து வீட்டு அப்பத்தாவிடம் போய் உட்காருவாளாம். அப்பத்தா எண்ணெயை நிறைய வைத்துவிடும் என்பது மட்டும்தான் அவளுடைய குறை.

அன்று இரவு உட்கார்ந்து எழுதியதுதான் என் முதல் கதை. ஏழு வயதுப் பெண் ஒருத்தி, அம்மா இல்லாத காலை நேரத்தை நடத்தும் கதை. ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். குழந்தைகளுக்கு மகிழ்ச்சியான கதைதான் வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். நான் அதை வகுப்பில் வாசித்தேன். அந்தக் குழந்தை வாய்விட்டுச் சிரித்தாள். எண்ணெய் வழியும் இடத்தில் வகுப்பே சிரித்தது. குழந்தைக்கு எது மகிழ்ச்சி என்று பெரியவர்கள் மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது என்று அன்று உறுதியாக நம்பத் தொடங்கினேன். இன்றுவரை அந்த நம்பிக்கை மாறவில்லை.

இன்னொன்றும் அதே வகுப்பில் நடந்ததுதான். வள்ளியப்பாவின் மாம்பழப் பாட்டைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் சேலத்து மாம்பழம் வரும். ஒரு பையன் சேலத்தை எடுத்துவிட்டுப் பெரியகுளம் என்று பாடினான். அடி இடித்தது. அவனுக்கே அது தெரிந்துவிட்டது. தாளத்தில் உட்காரும்வரை பெரியகுளத்தை இழுத்தும் குறுக்கியும் பாடிப் பார்த்தான். அவன் மாமா பெரியகுளத்தில் தோப்புக் குத்தகை எடுத்தவர் என்று பிறகு தெரிந்தது. யாப்பு என்ற சொல்லையே கேள்விப்படாத பிள்ளை, தன் ஊரைப் பாட்டுக்குள் கொண்டுவர அசையோடு மல்லுக்கட்டுகிறான். வள்ளியப்பா இருந்து இதைப் பார்த்திருந்தால் அவனைத் தூக்கிக் கொஞ்சியிருப்பார். குழந்தைப் பாட்டு எளிது என்று நினைப்பவர்கள் நாலு வரி எழுதிப் பார்க்கட்டும். பெரியவர்களுக்கான கவிதையில் ஒரு வரி தொய்ந்தாலும் மரியாதைக்காகப் படித்துவிடுவார்கள். ஐந்து வயதுக் குழந்தை அந்த வரியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடும்.

ஒரு புள்ளிவிவரமும் சொல்கிறேன். பிரதம் அமைப்பு எடுக்கும் 'அசர்' கணக்கெடுப்பில், கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். 2018இல் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 100க்கு 10 பேர். கொரோனா வந்து பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2022இல் அது 5 பேருக்கும் கீழே இறங்கியது. 2024இல் 12 பேர் அளவுக்கு ஏறியிருக்கிறது. இடையில் அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் வந்தது, 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பள்ளிக் கல்வித்துறையே 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று பிள்ளைகளுக்கு இதழ்கள் நடத்துகிறது. எல்லாம் நல்ல முயற்சிகள், இந்தப் பக்கத்து ஆசிரியர்கள் அவற்றுக்காக உழைத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எழுத்துக் கூட்டத் தெரிந்த குழந்தைக்குக் கூட்டிப் படிக்க ஆசைப்படும்படி ஏதாவது கையில் இருக்க வேண்டும். பரம்பிக்குளம் பற்றியும் பாரிஸ் பற்றியும் படிக்கட்டும். நம் குரங்கணிக் காடும் சுருளி அருவியும் அந்த வரிசையில் ஏன் இருக்கக் கூடாது?

தென்னாட்டு ஆறுகளைப் பற்றி வள்ளியப்பா குழந்தைகளுக்கென்று எழுதிய நூலை நேஷனல் புக் டிரஸ்ட் பல மொழிகளில் வெளியிட்டது. அப்படி எழுதுவதற்கு நம் முல்லைப் பெரியாற்றின் கதையைப் பாருங்கள். மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அணை 1895இல் முடிந்தது. அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்குக்கு இந்தப் பள்ளத்தாக்கு இன்றும் பொங்கல் வைக்கிறது. காட்டுக் காய்ச்சலில் செத்த பெயர் தெரியாத கூலிக்காரர்கள் அந்தக் கதையில் இருக்கிறார்கள். வெள்ளத்தில் போன வேலையும், விலங்குகள் நிறைந்த காடும் இருக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தூக்கத்தை விட்டுப் படிக்கும் நாவலுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? உங்களில் யாராவது எழுத வேண்டும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாப்பா பாட்டுக்கும் பெரியவர்கள் நாவலுக்கும் நடுவே, பூப்பெய்திய பெண் குழந்தைக்கும் மீசை முளைக்கத் தொடங்கிய பையனுக்கும் தமிழில் நாம் கொடுத்திருப்பது மிகக் குறைவு. இரா. நடராசனின் 'ஆயிஷா'வை நினைத்துப் பாருங்கள். கேள்வி கேட்ட ஒரு மாணவியை ஒரு பள்ளி என்ன செய்தது என்பதைச் சொல்லும் சிறு கதை. அது எத்தனை வகுப்பறைகளை உலுக்கியது! யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', தவறான தொடுதலைப் பற்றிக் குழந்தையிடம் பேசுகிறது. 2020இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. வீட்டில் பேசத் தயங்குவதை ஒரு கதை பேசிவிட்டது. இந்த வயதுப் பிள்ளைகள் செல்போனில் எதை வேண்டுமானாலும் பார்க்கிறார்கள் என்று புலம்புகிறோம். பார்ப்பதைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு ஒரு துணை வேண்டாமா? நல்ல கதை அந்தத் துணையாக இருக்கும்.

முதல்வரிடம் ஒரு வேண்டுகோள். சில கல்லூரிகளில் சிறுவர் இலக்கியம் விருப்பப் பாடமாக வந்துவிட்டது. இங்கேயும் பாடத்திட்டக் குழுவில் வையுங்கள். பாடத்தின் வரைவு ஒன்றை எழுதி எடுத்து வந்திருக்கிறேன். வள்ளியப்பா, பெ. தூரன், வாண்டுமாமா தொடங்கி இன்று எழுதுகிறவர்கள் வரை அதில் இருக்கிறார்கள். தேர்வு மதிப்பெண்ணில் ஒரு பங்கை எழுத்துத் தேர்விலிருந்து எடுத்து, மாணவர்கள் வருசநாட்டிலும் கூடலூரிலும் பாட்டிமாரிடம் கதை கேட்டுத் தொகுத்து வருவதற்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தமிழ்த் துறைக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டாம். விலங்கியல் படித்த பிள்ளைதான் மேகமலையின் இருவாச்சிப் பறவையைப் பற்றிச் சரியாக எழுத முடியும்.

பட்டம் வாங்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் பாக்கி. எழுத வேண்டும் என்று தோன்றினால், எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் உங்கள் தெருவில் நாலைந்து பிள்ளைகளைக் கூட்டி வாசித்துக் காட்டுங்கள். கதையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். எந்த வரியில் கண் அலைகிறதோ அந்த வரியை வெட்டுங்கள். எந்த இடத்தில் "அப்புறம்?" என்று கேட்கிறார்களோ அங்கே கதை இருக்கிறது. எழுதத் தோன்றாதவர்கள் வாசித்துக் காட்டினால் போதும். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சிறுவர் அலமாரி இருக்கும், சில ஊர்களில் பூட்டியே இருக்கும். நூலகரிடம் சாவியைக் கேளுங்கள். ஜீப் கிளம்பிய பிறகு பள்ளி மணி அடிக்கும்வரை எத்தனையோ பிள்ளைகள் வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். வேலைக்குச் சேரும்வரையாவது அந்த நேரம் உங்களுக்கும் ஓய்வுதானே. ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள்.