ஒரே நதியில் போன இருவர்



பழைய கதைகளில் கறுப்பு மனிதனை இழிவாக எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினால், "அவர் அந்தக் காலத்து ஆசிரியர் ஐயா, இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நாமும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆனால் அந்தக் காலம் என்பது யாருடைய காலம்?

1890-ல் ஜோசப் கான்ராட் காங்கோ நதியில் நீராவிக் கப்பல் வேலைக்குப் போனார. அன்று அந்த நாடு முழுவதும் பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் சொந்தச் சொத்து. ஆம், ஒரு தனி ஆளின் சொத்து! முதலில் தந்தம், பிறகு சைக்கிள் டயருக்கு ரப்பர். ஊருக்கு இவ்வளவு ரப்பர் என்று கணக்கு. குறைந்தால் சவுக்கடி, பெண்களைப் பிணையாகப் பிடித்து அடைப்பது. செலவழித்த தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட, வெட்டிய மனிதக் கைகளைக் கொண்டுபோன சிப்பாய்களும் உண்டு. கூலியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

1899-ல் கான்ராட் 'இருளின் இதயம்' என்ற கதையை எழுதினார். வெள்ளையரின் கொள்ளையை அவர் மூடி மறைக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த மண்ணின் மக்கள் கதையில் எப்படி வருகிறார்கள்? வெறும் கையும் காலுமாக, கூச்சலாக, காட்டோடு காடாக. பெயர் கிடையாது. வாய் திறந்து பேசுவது ஓரிரு இடத்தில்தான். அடி வாங்கியவனுக்குப் பெண்டு பிள்ளை உண்டா என்று கதை கேட்கவே இல்லை. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975-ல் அமெரிக்காவில் ஆற்றிய உரையில் இதை எடுத்துக்காட்டி, கான்ராட் இனவெறியர் என்றே சொன்னார்.

உடனே "அந்தக் காலம்" என்ற சமாதானம் வந்துவிடுகிறது.

சரி, அந்தக் காலத்தையே பார்ப்போம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்த கறுப்பர் ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ். அவரும் அதே 1890-ல் அதே நதியில் போனார். ஜூலையில் ஸ்டான்லி நீர்வீழ்ச்சியிலிருந்து லியோபோல்டுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். மக்களை ஏமாற்றி நிலம் பறித்ததையும், விலங்கு பூட்டி வதைத்ததையும், அடிமை வியாபாரத்தையும் ஒவ்வொன்றாக அடுக்கிக் குற்றம் சாட்டினார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கான்ராடின் கப்பல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரே ஆண்டு, ஒரே நதி! ஒருவர் கண்ணுக்கு மனிதர்கள் தெரிந்தார்கள். சவுக்கடி பட்டவனும் அந்தக் காலத்து மனிதன்தானே? தன்னை அவன் காடு என்றா நினைத்தான்?

கதையைக் கொளுத்தச் சொல்லவில்லை. அதில் வேலைப்பாடு உண்டு, உண்மையும் உண்டு. ஆனால் அது இன்றும் கல்லூரிகளில் பாடம். 1891-ல் 41 வயதில் இறந்துபோன வில்லியம்ஸின் கடிதத்தை அறிந்தவர்கள் குறைவு. வரும் ஞாயிறு படிப்பகத்தில் முதலில் கடிதத்தைப் படிப்போம். பிறகு கதையை எடுப்போம்.