மாற்றுத்திறனாளியின் வண்டியும் தனியார் நிலமும்

உடற்குறை உடைய ஒருவர் தம் வண்டியைத் தாமே ஓட்டிச் செல்லும் நிலை ஏற்படுமானால், அவருடைய வாழ்வில் அது பெரும் மாறுதலாகும். பிறர் துணைக்குக் காத்திராமல் அவர் பணிக்குச் செல்லலாம், மருத்துவமனைக்குச் செல்லலாம், உறவினர் திருமணத்திற்கும் கோயிலுக்கும் செல்லலாம். ஆயினும் வண்டியை நிறுத்தி, இறங்கி, கட்டடத்தின் வாயிலைக் கடந்த பின்னரே அப்பயணம் நிறைவு பெறுகிறது. வண்டி நிறுத்தும் அந்த இடம் பெரும்பாலும் அரசுக்கு உரியதன்று. வணிக வளாகத்திற்கோ, தனியார் மருத்துவமனைக்கோ, அறக்கட்டளைக்கோ, கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்திற்கோ உரியது. அங்கே இடமில்லை என்றும், கட்டணம் செலுத்துக என்றும், நேரம் கடந்தால் கூடுதல் கட்டணம் என்றும் எழுதிய பலகைகள் அவரை எதிர்கொள்கின்றன. நிலம் தனியாருடையது என்பதனால் சட்டம் அந்த வாயிலிலேயே நின்று விடுகிறதா? மும்பை மாநகரின் அனுபவத்தைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது பயனுடையது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அவர்களுள் நடமாட்டக் குறைபாடு உடையோர் 54 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். இவர்களில் கார் வைத்திருப்போர் சிலரே. இருபுறமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரே பலருக்கு வாகனம். 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், இவர்களுக்கெனவே வடிவமைக்கப்பட்ட வண்டிகளோடு, பின்னர் மாற்றியமைக்கப்பட்ட வண்டிகளையும் ஒரே வகையில் சேர்த்தது. 2020 அக்டோபரில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கை, வண்டியின் உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்பதைப் பதிவு விண்ணப்பத்திலேயே குறிக்க வழி செய்தது. எனவே எந்த வண்டி யாருடையது என அடையாளம் காண்பது இன்று அரிதான செயலன்று. அந்த வண்டிக்கு இடம் எங்கே என்பதே அரிதான வினா.

மூன்று பகுதிகள், மூன்று நிலைமைகள்

தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளும் இவ்வினாவின் மூன்று முகங்களைக் காட்டுகின்றன.

தாராவியில் தொண்ணூறடிச் சாலையையும் அறுபதடிச் சாலையையும் விட்டு உள்ளே சென்றால், இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் நுழைய முடியாத சந்துகளே மிகுதி. ஓட்டுபவர் தம் வண்டியைச் சாலையோரத்தில் விட்டுவிட்டு, ஊன்றுகோலின் துணையுடனோ பிறர் தோளைப் பற்றியோ வீடு சேர வேண்டியுள்ளது. மாதுங்காவின் பழைய கட்டடங்கள் பல, கார்கள் பெருகுவதற்கு முன்பே எழுந்தவை. வண்டி நிறுத்துவதற்கென அவற்றில் இடம் ஒதுக்கப்படவில்லை. செம்பூரிலோ பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, உயர்ந்த கட்டடங்கள் எழுகின்றன. அவற்றில் இடம் உண்டு. ஆனால் அது பல வேளைகளில் ஒரு காரின் மேல் மற்றொரு காரைத் தூக்கி நிறுத்தும் இயந்திர அடுக்காக உள்ளது. கதவை முழுவதும் திறந்து சக்கர நாற்காலியை அருகில் வைக்க அந்த அடுக்கில் வழியில்லை. ஒரு பகுதியில் பாதை இல்லை. ஒரு பகுதியில் இடம் இல்லை. மற்றொரு பகுதியில் இடம் இருந்தும் பயன் இல்லை.

சட்டம் சொல்வது என்ன?

1995ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக நிறைவேற்றப்பட்ட 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் சொற்பொருள் விளக்கங்களை மாணவர்களும் அலுவலர்களும் ஊன்றிப் படிக்க வேண்டும். பொதுக் கட்டடம் என்பது அரசுக் கட்டடம் மட்டுமன்று. பொதுமக்கள் வந்து போகும் தனியார் கட்டடமும் அதில் அடங்கும். வணிகம், மருத்துவம், கல்வி, சமயம், பொழுதுபோக்கு ஆகியவை நடைபெறும் இடங்கள் வெளிப்படையாகவே கூறப்பட்டுள்ளன. தனியார் நிறுவனம் என்னும் சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கத்தில், கம்பெனி, அறக்கட்டளை ஆகியவற்றோடு கூட்டுறவுச் சங்கமும் இடம் பெற்றுள்ளது. அணுகுதலுக்குரிய அளவுகளைக் கடைப்பிடிக்காத வரைபடத்திற்குக் கட்டட அனுமதி வழங்கக்கூடாது என்று 44ஆம் பிரிவு விதிக்கிறது. சட்டத்தை மீறுவோருக்கு முதல்முறை 10,000 ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் 50,000 ரூபாய் முதல் 5 இலட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு.

அளவுகளும் தெளிவானவையே. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகள், கட்டடத்தின் நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இரண்டு கார்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கின்றன. ஒவ்வோர் இடமும் குறைந்தது 3.6 மீட்டர் அகலம் உடையதாக இருத்தல் வேண்டும். பொதுவான ஓரிடத்தின் அகலம் ஏறக்குறைய 2.5 மீட்டர். மிகுதியாகும் அந்த ஒரு மீட்டரில்தான் கதவு முழுவதும் திறக்கிறது. சக்கர நாற்காலி இறங்குகிறது. அது சலுகையாகத் தரும் அகலமன்று. அது இல்லையேல் ஓட்டி வந்தவர் வண்டியை விட்டு இறங்கவே இயலாது.

எனினும் ஒரு குறை நெடுநாள் நீடித்தது. 2017ஆம் ஆண்டு விதிகளின் 15ஆம் விதி குறிப்பிட்ட அளவுகள், கட்டாயமானவையாக அன்றி, பரிந்துரைகளாகவே அமைந்திருந்தன. 2005இல் தொடரப்பட்ட ரஜீவ் ரதூரி வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதனைச் சட்டத்திற்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தவிர்க்கவியலாத குறைந்த அளவுகளை மூன்று மாதங்களுக்குள் கட்டாய விதிகளாக வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. நல்லெண்ணத்தை நம்பி நிற்கும் அளவுகோல், உரிமையை அளக்கப் பயன்படாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

கட்டணம் பற்றிய வாதம்

தனியார் நிலத்தில் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கலாமா என்பதில் நாடெங்கும் ஒரே நிலை இல்லை. வணிக வளாகங்கள் கட்டணம் வசூலிக்க உரிமையற்றவை என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2019இல் கூறியது. 2018இல் தெலங்கானா அரசு பிறப்பித்த ஆணை, முதல் 30 நிமிடங்களுக்குக் கட்டணம் கூடாது என்றும், அதற்கு மேல் ஒரு மணி நேரம் வரை, பொருள் வாங்கிய ரசீதைக் காட்டுவோருக்குக் கட்டணம் இல்லை என்றும் வகுத்தது.

இவ்வாணையில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. முப்பது நிமிடம் என்பது எல்லாருக்கும் ஒரே அளவு. ஆனால் சக்கர நாற்காலியை இறக்கிப் பூட்டி, சாய்தளத்தைத் தேடிச் சென்று, மின்தூக்கிக்குக் காத்திருந்து, திரும்பி வந்து மீண்டும் வண்டியில் ஏறுபவருக்கு, அந்த முப்பது நிமிடத்தில் பெரும்பகுதி கட்டடத்திற்குள் நுழைவதற்கே செலவாகிவிடும். மற்றவர் பத்து நிமிடத்தில் முடிக்கும் அலுவலுக்கு அவர் கூடுதல் கட்டணம் செலுத்துகிறார். கட்டண விகிதம் சமம், சுமை சமமன்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரின் குறைபாட்டிற்கு ஏற்ற நியாயமான ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடே என்று கூறுகிறது. இந்தக் கோட்பாட்டை 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக எடுத்துரைத்தது. மாற்றுத்திறனாளிக்குக் கூடுதல் நேரம் தருவது அத்தகைய ஏற்பாடுகளுள் எளியது, செலவற்றது.

வசதி படைத்தவர் ஒருவர், மாற்றுத்திறனாளி என்பதற்காகக் கட்டணம் இன்றி வண்டி நிறுத்தலாமா என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. கட்டண விலக்கு ஒரு சலுகை. அதனை ஒரு நிறுவனம் தரலாம், தராமலும் இருக்கலாம். ஆனால் இடமும் அகலமும் நேரமும் சலுகைகள் அல்ல. கட்டணத்தை மட்டும் நீக்கிவிட்டு, ஒதுக்கிய இடத்தில் விற்பனைப் பொருள்களை அடுக்கிவைக்கும் நிறுவனம் தன் கடமையைச் செய்ததாகாது.

கட்டணம் வாங்குவதில் வாங்குபவருக்கும் ஒரு பொறுப்பு பிறக்கிறது. பணம் பெற்றவுடன் அது சேவையாகிறது, செலுத்தியவர் நுகர்வோராகிறார். தன் ஊழியரிடம் ஒப்படைக்கப்பட்ட காரைக் காக்கத் தவறிய ஒரு தங்கும் விடுதி, உரிமையாளரின் பொறுப்பிலேயே வண்டி நிறுத்தப்படுகிறது என்று அச்சிட்ட வாசகத்தைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப இயலாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீட்டில் அச்சிட்டதெல்லாம் சட்டமாகிவிடாது என்பதற்கு அது சான்று.

கூட்டுறவுச் சங்கமும் குலுக்கல் சீட்டும்

மும்பையில் தனியார் நிலத்தில் வண்டி நிறுத்துவது பற்றிய புகழ்பெற்ற வழக்கு, தஹிசரில் உள்ள பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கு. தூண்களுக்கு இடையே அமைந்த தரைத்தளத்தில் உள்ள வண்டி நிறுத்துமிடங்களைத் தனியே விற்கத் தமக்கு உரிமை உண்டு என்று கட்டட நிறுவனம் வாதிட்டது. அவை கட்டடத்தின் பொதுப் பகுதிகளே. கட்டியவர் அவற்றைத் தனியே விற்க முடியாது என்று 2010 ஆகஸ்டு 31 அன்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. இதனால் நிறுத்துமிடத்தைப் பங்கிடும் அதிகாரம் சங்கங்களிடம் உறுதிப்பட்டது.

அதிகாரம் வந்த இடத்தில் புதிய வினாவும் எழுந்தது. மகாராஷ்டிரத்தின் மாதிரித் துணைவிதிகளின்படி, கட்டணத்தை நிர்ணயிப்பது சங்கத்தின் பொதுக்குழு. இடம் போதாதபோது முறை வைத்தோ சீட்டுக் குலுக்கியோ பங்கிடுவது வழக்கம். நூறு உறுப்பினர் உள்ள சங்கத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரோ இருவரோதாம். வாக்கெடுப்பில் அவர் எப்போதும் சிறுபான்மை. குலுக்கல் சீட்டில் அவருக்கு அடுக்கின் மேல்தட்டு விழுமானால், எல்லாருக்கும் சம வாய்ப்பு அளித்தோம் என்று சங்கம் சொல்லும். ஆனால் அவருக்குக் கிடைத்தது பயன்படுத்த முடியாத இடம். கூட்டுறவுச் சங்கமும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உட்பட்ட நிறுவனமே என்பதைச் சங்க நிர்வாகிகள் பலர் அறிந்திருப்பதில்லை. குலுக்கலுக்கு முன்னரே நுழைவாயிலை ஒட்டிய தரைத்தள இடத்தை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றைக் குலுக்குவதே முறை.

முப்பது மீட்டரும் ஐந்நூறு மீட்டரும்

2008 முதல் மும்பையில் மற்றொரு முறையும் கையாளப்பட்டது. தனியார் நிலத்தில் பொது வண்டி நிறுத்துமிடம் கட்டி மாநகராட்சியிடம் ஒப்படைக்கும் கட்டட நிறுவனங்களுக்குக் கூடுதல் தளப்பரப்பு கட்ட அனுமதி அளிக்கப்பட்டது. 2019 ஜூலையில் மாநகராட்சி, இத்தகைய நிறுத்துமிடங்களிலிருந்து 500 மீட்டர் சுற்றளவில் சாலையோரம் முறையின்றி நிற்கும் கார்களுக்கு 10,000 ரூபாய் அளவில் அபராதம் விதிக்கத் தொடங்கியது. நெரிசலைக் குறைப்பது நல்ல நோக்கமே. ஆயினும் கட்டட விதி 30 மீட்டர் என்று வரையறுத்த மனிதருக்கு, 500 மீட்டர் நடந்து வருவது எவ்வாறு இயலும்? நடைபாதையும் இடையூறின்றி இல்லை. நடைபாதைகளில் நெருக்கமாக நட்ட எஃகுத் தூண்கள் சக்கர நாற்காலியைத் தடுக்கின்றன என்று மாற்றுத்திறனாளி ஒருவர் முறையிட்டதை ஏற்று, பம்பாய் உயர் நீதிமன்றம் 2023இல் தானாகவே பொதுநல வழக்கைத் தொடங்கியது. தனி ஒருவரின் முறையீடும் மாநகரத்தை விடை சொல்ல வைக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பிறநாட்டு அனுபவம்

பிரிட்டனில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மாற்றுத்திறனாளிகளின் கார்களுக்கு அடையாள அட்டை ஏற்பட்டது. ஆனால் அந்த அட்டை சாலைகளுக்கே உரியது. தனியார் நிலத்தில் அது தானாகச் செல்லுபடியாவதில்லை. அங்குத் தனியார் நிறுவனங்கள் பலகை வைத்து, அதனையே ஒப்பந்தமாகக் கொண்டு கட்டணம் கேட்கின்றன. செம்ஸ்ஃபோர்டு நகரில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் கார் நிறுத்திய ஒருவரிடம் கேட்கப்பட்ட 85 பவுன் கட்டணம் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. அவர் மாற்றுத்திறனாளி என்ற வாதம் அவ்வழக்கில் எழவில்லை. மாற்றுத்திறனாளிகளோ 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தைத் துணைக்கொண்டு, தங்களுக்குக் கூடுதல் நேரம் தருவது சேவை வழங்குவோரின் கடமை என்று வாதிடுகின்றனர். இந்தியச் சட்டம் ஒருவகையில் இதனினும் நேரடியானது. தனியார் கட்டடத்தை அது பெயர் சொல்லியே அழைக்கிறது. குறை, சட்டத்தில் இல்லை. அதைச் செயற்படுத்துவதில் உள்ளது.

செய்யத்தக்கவை

மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர், புகார்களை விசாரித்துப் பரிந்துரை செய்யவும், சாட்சிகளையும் ஆவணங்களையும் வரவழைக்கவும் அதிகாரம் பெற்றவர். மகாராஷ்டிர ஆணையரின் அலுவலகம் புனேயில் உள்ளது. கட்டணம் வாங்கிக்கொண்டு இடம் மறுத்தால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாயிலிலும் வழக்காடிக்கொண்டிருக்க முடியாது. அலுவலர்களின் கடமை இங்கேதான் தொடங்குகிறது. வரைபடத்தில் காட்டிய இடம், கட்டடம் நிறைவுற்ற பின்னும் உள்ளதா என்று அளந்து பார்த்த பிறகே நிறைவுச் சான்றிதழ் வழங்குதல், கட்டண உரிமத்தில் ஒதுக்கீட்டையும் கூடுதல் நேரத்தையும் நிபந்தனையாக்குதல், வீட்டுவசதிச் சங்கங்களுக்குத் தெளிவான சுற்றறிக்கை அனுப்புதல் ஆகியவை பெரும் பொருட்செலவின்றிச் செய்யக்கூடியவை.

தாராவி மறுசீரமைப்புக்கான முதன்மைத் திட்டம் 2025 மே மாதத்தில் மாநில அரசின் ஒப்புதலைப் பெற்றது. காகிதத்தில் 3.6 மீட்டர் கோடு வரைய ஆகும் செலவு மிகச் சிறிது; கட்டி முடித்த தூண்களுக்கு இடையே அதே அகலத்தைத் தேடுவது அரிது. சந்தின் முனையில் வண்டியை விட்டுச் செல்லும் ஸ்கூட்டர் ஓட்டுநருக்குப் புதிய வீட்டின் வாயில் வரை வழி கிடைக்குமா என்பது, வரைபடங்களைச் சரிபார்த்து ஒப்பமிடும் அலுவலர்களின் கையில் உள்ளது.