கடிவாளம் பிடிக்கும் கை

வேலூர்க் கோட்டையிலுள்ள ஜலகண்டேசுவரர் ஆலயத்தின் கல்யாண மண்டபத் தூண்களில், முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகளையும் அவற்றைச் செலுத்தும் வீரர்களையும் விஜயநகர காலச் சிற்பிகள் கல்லிலே வடித்திருக்கிறார்கள்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே இயற்கையே விட்டிருக்கும் இடைவெளியில் கடிவாளத்தின் இரும்பு படிவதால், முரட்டுக் கை இழுத்தால் புண்ணாகிவிடும் அவ்விடமே, பயின்ற கை வாரைச் சற்று அசைத்த மாத்திரத்தில் சவாரி செய்பவனின் சித்தத்தை அறிந்துகொள்கிறது.

கடோபநிஷதம் புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகித்தது. வள்ளுவர் அடக்கமுடைமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். சமூகத்தை நடத்தும் அதிகாரம் எவர் கையில் இருப்பினும், அவர் முதலில் தம்மை அடக்கப் பழகியவராக இருந்தாலன்றி, அந்த ஆட்சியில் தர்மம் நிலைபெறாது.